பேஸ் கிட்டாரில் தந்தி கரகரக்கிறதா? முதலில் கழுத்தைப் பாருங்கள்

பேஸ் கிட்டாரின் தந்தி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டில் உரசிக் கரகரத்தால், பலரும் உடனே பிரிட்ஜில் (உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) உள்ள சேடிலை, அதாவது தந்தி அமரும் சிறு துண்டை, உயர்த்திவிடுகிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கழுத்தின் வளைவைத்தான். நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் கழுத்தை இழுப்பதாலும், ஈரப்பதம் மாறும்போது மரமும் சற்று அசைந்து கொடுப்பதாலும், அந்த வளைவு நிலையாக இருப்பதில்லை.

சுருதி சேர்த்த கருவியை வாசிக்கும் நிலையிலேயே மடியில் வைத்துக்கொண்டு, தடித்த ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். (முதல் ஃப்ரெட்டில் கேப்போ எனும் கவ்வியை மாட்டினால் ஒரு கை மிச்சம்.) ஏழாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே சுமார் 0.3 மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு தந்தியை உயர்த்தாமல் நுழையும் அளவு, இடைவெளி இருந்தால் போதும். அது அதிகமென்றால் கழுத்தின் உள்ளே இருந்து வளைவைக் கட்டுப்படுத்தும் கம்பியான டிரஸ் ராடை வலஞ்சுழியாகவும், இடைவெளியே இல்லையென்றால் இடஞ்சுழியாகவும், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பி, மீண்டும் சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். பொருந்தாத ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) டிரஸ் ராடைத் திருப்பும் நட்டின் உட்புறத்தை மழுக்கிவிட்டு, பழுதுபார்ப்பவர் முன் அசடு வழிய நின்ற அனுபவம் எனக்கு உண்டு. திருப்ப மிகவும் இறுக்கமாக இருந்தால் வலிந்து முறுக்காதீர்கள்.

சேடிலின் உயரத்தை இதற்குப் பிறகே தொட வேண்டும். இறுதியாக, கழுத்து முழுவதும் சுருதி சரியாக ஒலிக்க, 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரத்தையும், அதே இடத்தில் தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக்கையும் டியூனரில் ஒப்பிட்டு, அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் சேடிலைப் பின்னோக்கியும், இறங்கி ஒலித்தால் கழுத்தை நோக்கியும் நகர்த்துங்கள்.