அம்பாசிடர் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும்போது தொடக்கூடாத போல்ட்

பழைய பெட்ரோல் அம்பாசிடர் காரில், ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் வரிசையாகப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. திரும்ப மாட்டிய பிறகு வண்டி கிளம்பாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடுகிறதே, அதுதான் பிரச்சினை. பெரும்பாலும் அந்தத் தவறு கழற்றத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

நான் சொல்வது 1489 சிசி என்ஜினைப் பற்றி. இங்கிலாந்தின் பி.எம்.சி. கார் நிறுவனம் உருவாக்கிய பி சீரீஸ் வகை அது. டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தை ஒரு தகடு கவ்விப் பிடித்திருக்கும். அந்தத் தகட்டை என்ஜின் பிளாக்கோடு சேர்ப்பவை இரண்டு சிறிய போல்ட்கள். கழுத்தைக் கவ்வி இறுக்குவது தனியாக இன்னொரு போல்ட். பலரும் முதலில் ஸ்பேனர் போடுவது இந்தக் கவ்வு போல்ட்டில்தான். அது தளர்ந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் சுழலத் தொடங்கும், டைமிங்கும், அதாவது ஸ்பார்க் சரியாக வர வேண்டிய நேரமும், போய்விடும். அதைத் தொடாமல், பிளாக்கில் இருக்கும் இரண்டு போல்ட்களை மட்டும் எடுங்கள். தகடும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒன்றாகவே வெளியே வரும். திரும்ப வைக்கும்போது ஏறக்குறைய பழைய இடத்திலேயே உட்காரும்.

இணையத்தில் கிடைக்கும் வீடியோக்களில் பல அமெரிக்க வி8 என்ஜின்களுக்கானவை. அவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டிலேயே சாய்ந்த பல்சக்கரம் இருக்கும். வெளியே இழுக்கும்போது தண்டின் தலையில் சுழலும் ரோட்டர் கொஞ்சம் திரும்பும்; ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் எல்லாம் தப்பாகிவிடும். அம்பாசிடரில் பல்சக்கரம் என்ஜினுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் ஒரு நாக்கும், உள்ளே அதற்கான பள்ளமும் மட்டுமே உண்டு. இரண்டும் நடுவிலிருந்து சற்று ஒதுங்கி இருப்பதால் ஒரே ஒரு விதத்தில்தான் பொருந்தும். அதனால் இடையில் என்ஜின் சுழன்றுவிட்டாலும் பதற வேண்டாம்.

ஆனால் இந்த நாக்கு பள்ளத்தில் இறங்காமலேயே போல்ட்டை முடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தகட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் முடுக்காதீர்கள், தகடு வளைந்துவிடும். லேசாக அழுத்திக்கொண்டே ரோட்டரை விரலால் மெல்லத் திருப்புங்கள். 'டக்' என்று தானாக இறங்கும்.

ரிப்பேர் செய்து வாங்கிய டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். அடியில் உள்ள நாக்கை யாராவது கழற்றி, தலைகீழாக வைத்துப் பின் அடித்திருக்கலாம். அப்போது ஒன்றாம் சிலிண்டர் அழுத்தத்தில் இருக்கையில் ரோட்டர் நான்காம் சிலிண்டரின் முனையைக் காட்டும். செல்ஃப் சுற்றும், கார்புரேட்டரில் வெடிக்கும், வண்டி மட்டும் ஓடாது. சோதிப்பது எளிது. ரேடியேட்டர் பக்கம் உள்ள முதல் பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் கட்டைவிரலை வைத்து, ஹேண்டில் போட்டு மெல்லச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும் சுற்றில், புல்லியில் உள்ள வெட்டு டைமிங் கவரில் இருக்கும் முள்ளுக்கு நேராக வரும்போது ரோட்டர் முதல் ஒயரைப் பார்த்து நிற்க வேண்டும்.

பிளக் ஒயர்களை அடையாளம் வைக்காமல் பிடுங்கிவிட்டீர்களா? சரி, வரிசை 1-3-4-2. மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது. கடிகாரத் திசையில் மாட்டினால் முதலும் நான்காமும் சரியாக இருக்கும், மற்ற இரண்டும் இடம் மாறிவிடும்.

என்னை ஒருமுறை மிகவும் அலைக்கழித்தது பாயிண்ட் செட்தான்; டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை வரவைக்கும் சுவிட்ச் அது. ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் ஒயரும், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரின் ஒயரும் ஒரே தூணில் ஏறுகின்றன. இரண்டின் கண்ணிகளும் பாயிண்ட்டின் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், தூணைத் தொடக்கூடாது. நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் அதற்காகத்தான். அதை வரிசை மாற்றிப் போட்டிருந்தேன். மின்சாரம் நேராக எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக உடலுக்குப் போனது, துளி ஸ்பார்க் இல்லை. வெளியே எடுத்து வைத்து, நல்ல வெளிச்சத்தில் இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

பாயிண்ட் இடைவெளியை டைமிங்குக்கு முன்பே வைத்துவிட வேண்டும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டைமிங் முடிந்த பிறகு இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும், டைமிங்கும் முன்னே போகும். அப்புறம் மேட்டில் வண்டி நாக் அடிக்கும்போது, அதாவது என்ஜினுக்குள் தட்டும் சத்தம் வரும்போது, பெட்ரோலைத் திட்டிப் பயனில்லை.

டைமிங் பார்க்க 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் ஒரு ஒயர், எர்த்தில் இன்னொன்று. சாவியைப் போட்டு, என்ஜினை அதன் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். பல்பு எரியும் நொடிதான் ஸ்பார்க் வரும் நொடி. புல்லியின் வெட்டு உரிய குறியைத் தாண்டிவிட்டால் அந்தக் குறி வரை மட்டும் பின்னால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள். செயினிலும் பல்சக்கரத்திலும் உள்ள தளர்வு கணக்கைக் கெடுத்துவிடும். நன்றாகப் பின்னால் போய், மறுபடி முன்னோக்கி வாருங்கள். பார்த்து முடித்ததும் சாவியை எடுத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் விட்டுவிட்டால் காயில் சூடேறும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பை மூடும் முன் அதன் நடுவில் உள்ள சிறிய கார்பன் துண்டு இருக்கிறதா, ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வருகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். கழற்றும்போது அது தரையில் உருண்டு ஓடியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கடைசியாக, கார்புரேட்டரிலிருந்து வரும் வாக்குவம் டியூப். அதை மாட்ட மறந்தாலும் வண்டி கிளம்பிவிடும் என்பதால் பல மாதம் தெரியாமலேயே தொங்கிக்கொண்டிருக்கும், பெட்ரோல் மட்டும் கூடுதலாகக் குடிக்கும்.