உமிழ்நீர்ச் சுரப்பிக் கல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் கவளத்தை வாயில் வைத்ததுமே தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் விண்ணென்று வலித்து வீங்கி, ஓரிரு மணி நேரத்தில் அந்த வீக்கம் தானாகவே வடிந்துவிட்டால், உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் வீங்குகிறது என்பதைச் சொல்லாமல், ‘தாடை வலிக்கிறது’ என்று மட்டும் மருத்துவரிடம் சொல்வதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். பல்வலி என்றும் நெறிகட்டி என்றும் பொன்னுக்கு வீங்கி என்றும் எண்ணிப் பல வாரங்கள் வீணாகிவிடுகின்றன.

இக்கற்களில் 80 சதவீதத்துக்கும் மேல் கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் உண்டாகின்றன. அதன் உமிழ்நீர் கெட்டியானது; சுமார் 5 செ.மீ. நீளமுள்ள குழாய் வழியே அது மேல்நோக்கி ஏறி வந்து நாக்கின் அடியில் திறக்க வேண்டும். ஆகவே, மருத்துவர் கையுறை அணிந்த ஒரு விரலை நாக்கின் அடியிலும் மறு கையைத் தாடையின் அடியிலும் வைத்துத் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைத் தவிர்க்கக் கூடாது. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை என்பதால் கல் இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. சுண்ணாம்புச் சத்து குறைந்த கற்கள், குறிப்பாகக் கன்னச் சுரப்பிக் கற்கள், அதில் தெரியாமல் போகலாம். அப்போது அல்ட்ராசவுண்டோ சிடி ஸ்கேனோ தேவைப்படும்.

காய்ச்சலோ சீழோ இருந்தால் ஆன்டிபயாட்டிக் அவசியம். ஆனால் அது கிருமியைக் கொல்லுமே தவிர கல்லை அகற்றாது. வீங்கும்போதெல்லாம் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குவது கூடாது. சிறுநீரகக் கல்லுக்குக் குடிக்கும் வாழைத்தண்டுச் சாறு இதைக் கரைக்காது. பால், தயிரை நிறுத்துவதாலும் பயனில்லை. சிறிய கல்லுக்குப் போதிய தண்ணீர், வெந்நீர் ஒத்தடம், சுரப்பியிலிருந்து குழாய் வாயை நோக்கி மெல்ல நீவிவிடுதல், எலுமிச்சைத் துண்டைச் சப்புதல் ஆகியவை உதவும். ஆனால் முழு அடைப்பு இருந்தால் புளிப்பு வலியைக் கூட்டும் என்பதால் உடனே நிறுத்திவிட வேண்டும். நாக்கின் அடியில் வெண்மையாகக் கல் தெரிகிறதே என்று ஊசியால் நெம்புவது மிகவும் ஆபத்தானது. குழாய் கிழிந்து தழும்பேறினால் அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

சுரப்பியையே எடுத்துவிட வேண்டும் என்று உடனே ஒப்புக்கொள்ளவும் தேவையில்லை. சுமார் 4 மி.மீ.க்குக் குறைவான, குழாயில் அசையக்கூடிய கற்களை நுண் எண்டோஸ்கோப் மூலம் எடுக்கலாம். பெரிய கற்கள் பலவற்றை வாய் வழியாகவே கீறி எடுத்துவிடலாம். சுரப்பியை அகற்றும்போது உதட்டோரத்தை அசைக்கும் நரம்பு பாதிக்கப்படக்கூடும் என்பதால் அது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

வாயின் அடித்தளம் வீங்கி விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். சாப்பாட்டோடு தொடர்பில்லாமல் வடியாமலே நிற்கும் கட்டியையோ, முகத்தில் ஒரு பக்கம் தளர்வதையோ கல் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. அது புற்றுநோயா என்று ஸ்கேனும் ஊசி வழித் திசுச் சோதனையும் செய்து பார்த்தாக வேண்டும்.