மட்டக்களப்பு, அம்பாறைப் பயணத்தில் காய்ச்சலும் வெயிலும்

கிழக்கிலங்கைக்குப் புறப்படுவோரில் பலர் இன்றும் மலேரியா மாத்திரையைப் பற்றியே முதலில் விசாரிக்கின்றனர். இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டிலேயே சான்றளித்துவிட்டது. இங்கு வருவோர் அஞ்ச வேண்டியது டெங்குக்குத்தான். வாடைக்காற்றோடு பெருமழை கொட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலும் அதையடுத்த வாரங்களிலும் நுளம்பு பெருகும். டெங்கு நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் கடிப்பதால், இரவில் வலை கட்டிப் படுப்பது மட்டும் போதாது. முழுக்கைச் சட்டை அணிந்து, மூடாத இடங்களில் நுளம்பு விரட்டி பூசிக்கொள்ளுங்கள். தங்கும் வீட்டு முற்றத்தில் சிரட்டையிலோ பூச்சாடித் தட்டிலோ நீர் தேங்கியிருந்தால், விருந்தாளியாயிற்றே என்று தயங்காமல் கவிழ்த்துவிடலாம்.

காய்ச்சல் கண்டால் பரசிட்டமோல் மட்டும் எடுங்கள். உடல் உளைவுக்கென்று ஐபுபுரோஃபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் ஆகியவற்றை விழுங்கினால், டெங்குவாக இருக்கும்பட்சத்தில் இரத்தக்கசிவுக்கு அது வழிவிடும். இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் வைத்தியரைக் கண்டு இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். மூன்று நான்கு நாட்களில் காய்ச்சல் இறங்கியதும் சுகமாகிவிட்டதென்று அறுகம்குடாவுக்கு வாகனம் பிடிப்போர் உண்டு. ஆனால் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து நோயாளியின் நிலை மோசமாவது பெரும்பாலும் அந்த வேளையில்தான். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, தலைச்சுற்று, இரத்தக்கசிவு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், உடலிலிருந்து எவ்வளவு நீர் போயிற்றென்பது புலப்படாது. சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் தாகத்துக்குக் காத்திராமல் நீர் அருந்துங்கள். தண்ணீரின் தூய்மையில் ஐயமிருந்தால், கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தரும் பிளேன்டீயே (பாலில்லாத தேநீர்) நம்பத்தக்கது. வயிற்றோட்டத்துக்கு, உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூள் பொதி ஒன்றை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். அரைவாசியைக் கிளாசில் கலக்கும் வழக்கம் தவறானது, ஏனெனில் உப்பின் செறிவு மிகுந்துவிடும்.

அம்பாறை வயல்களிலும் வாய்க்கால்களிலும் காலில் புண்ணோடு இறங்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் அந்தப் புண் வழியாகத் தொற்றும். நாய் கடித்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, காயம் சிறிதென்று பாராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஊர் திரும்பி இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போய் வந்தீர்களென்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.