ஏரியைக் காக்க வரத்துக்கால்வாயில் தொடங்குங்கள்: சென்னைக் குடியிருப்போருக்கான வழிமுறை

ஏரிச் சீரமைப்பு என்றவுடன் சென்னையில் தூர்வாரும் பொக்லைனும் அதன் பின்னால் நடைபாதையும் வந்து நிற்கின்றன. ஆனால் நீர் பச்சையாகத் திரிவதற்கும் ஆகாயத்தாமரை மண்டுவதற்கும் முதன்மைக் காரணம் கழிவுநீரோடு வந்து சேரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆகும். இந்தச் சத்துகளை உண்டு பெருகும் பாசி மடிந்து அழுகும்போது, அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் மீன்கள் செத்து மிதக்கின்றன. கழிவுநீர் வரத்தை மறிக்காமல் தூர்வாரினால் அதே நிலை விரைவில் திரும்பிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களில், சில நாட்களாக மழையே பெய்யாத ஒரு காலையில், ஏரிக்கு வரும் ஒவ்வொரு மழைநீர் வடிகாலையும் வரத்துக்கால்வாயையும் நடந்து பாருங்கள். மழையில்லாத நாளில் மழைநீர் வடிகாலில் நீர் ஓடுகிறது என்றால் அது பெரும்பாலும் கழிவுநீரே. வீடுகளில் குளியலும் சமையலும் நடக்கும் காலை நேரத்தில் ஓட்டம் கூடிப் பிற்பகலில் குறைந்தால் ஐயத்திற்கு இடமில்லை. ஒவ்வொரு வாயையும் வரைபடத்தில் குறித்து, நேரத்தோடு படமெடுத்து, ஓட்டம் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதை மேல்நோக்கித் தேடிச் செல்லுங்கள். மூடியைத் திறந்து உள்ளே இறங்கவோ, எவரையும் இறக்கவோ கூடாது. அங்கே தேங்கும் நச்சுவாயு நொடியில் உயிரைப் பறிக்கும்.

பாதாளச் சாக்கடை உள்ள தெருவில் வீட்டு இணைப்பு வடிகாலில் விடப்பட்டிருந்தால் குடிநீர் வாரியத்திடமும் (044-4567 4567), வடிகாலைப் பற்றிச் சென்னை மாநகராட்சியிடமும் (1913) புகார் செய்து, பதிவு எண்ணைத் தவறாமல் பெறுங்கள். தாம்பரம், ஆவடிப் பகுதியினர் தத்தம் மாநகராட்சியை அணுக வேண்டும். பெரிய ஏரிகள் பலவும் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பதால் அவர்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

பாதாளச் சாக்கடை வராத புறநகரில் சிக்கல் வேறு. செப்டிக் தொட்டி திடக்கழிவைப் படியவைக்கிறதே தவிர, கரைந்திருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பெரிதாக நீக்குவதில்லை. அதன் மேல்நீரை வடிகாலில் விடுவது ஏரிக்கு உரமிடுவதற்குச் சமம். மேல்நீர் உறிஞ்சுகுழிக்குள் போக வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும் தாழ்வான பகுதிகளில் குழி வேலை செய்யாது என்பதால், அடியில் நீர் கசியாத தளமிட்டுச் சரளை நிரப்பிய பாத்தியில் கல்வாழை நட்டு அதன் வழியே விடலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியைக் காலிசெய்யும்போது, லாரி எங்கே கொட்டப்போகிறது என்று கேட்டு, சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டியதற்கான சீட்டைத் தரக்கூடிய லாரிக்காரரையே அழையுங்கள். அடுக்குமாடிகளில் சுத்திகரித்த நீரைத் தோட்டத்திற்குத் திருப்பினால், அதிலுள்ள சத்தே செடிக்குப் போதும்; யூரியாச் செலவும் மிச்சம்.

கழிவுநீர் வரத்து குறைந்த பிறகே தாவரங்களின் முறை வரும். கால்வாய் ஏரியில் சேரும் ஆழமற்ற முகப்பில் சம்பு, கோரை ஆகியவற்றை வளர்த்தால் அவை சத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அவற்றை அவ்வப்போது அறுத்து வெளியேற்றாவிட்டால் மட்கி, உறிஞ்சியதைத் திருப்பித் தந்துவிடும். ஆகாயத்தாமரையையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அள்ளி, கரையில் குவிக்காமல் தொலைவில் மட்கவையுங்கள். அலங்கார நீரூற்று ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டலாம். பாஸ்பரஸை அது தொடுவதில்லை. ஆக்சிஜன் அற்ற அடிச்சேறு பழைய பாஸ்பரஸை மீண்டும் நீருக்குள் விடுவதால் தூர்வாருவதும் தேவைதான், ஆனால் அது கடைசி வேலை.

பலனை அறிய, கரைந்த ஆக்சிஜனை விடியலுக்கு முன் அளந்து பாருங்கள். பகலில் பாசியே ஆக்சிஜனை வெளியிடுவதால் நண்பகல் அளவு ஏமாற்றிவிடும். குளிப்பதற்கான நீரில் அது லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறுத்துள்ளது. ஏரி நிரம்பினால் உபரிநீர் வெளியேறும் கலங்கலிலும் ஒரு மாதிரி எடுங்கள். செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாக, 2022இல் ராம்சர் தகுதி (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ஏற்பு) பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைவது போல, உங்கள் ஏரியின் நீரும் கீழே வேறோர் ஏரிக்குப் போகக்கூடும்; அந்த ஏரிக்கரைக் குடியிருப்போர் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு புகாரைக் கூட்டாக எழுதினால் அலுவலகத்தில் விரைவில் பதில் கிடைக்க வாய்ப்பு உண்டு.