ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்: கல்லூரி விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும், ஒரு மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கிரேடு 11, மேட்ரிக் (கிரேடு 12) பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பத்தோடு வருவார்கள். கூட அப்பாவோ அம்மாவோ வருவார், சில நாள் ஆயா, அதாவது பாட்டி, வருவார். பல வருடமாக இது நடக்கிறது. மதிப்பெண் குறைந்து இடம் போன பிள்ளைகளுக்காக வருத்தப்பட்டிருக்கிறேன். ஆனால் நல்ல மதிப்பெண் கையில் இருந்தும் இடம் கிடைக்காமல் போன பிள்ளைகளை நினைத்தால்தான் இன்றும் மனசு ஆறுவதில்லை.

அந்த வீடுகளில் எல்லாம் நான் கேட்ட வாக்கியம் ஒன்றுதான்: "ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

மேட்ரிக் ரிசல்ட் வருவது ஜனவரியில். அதற்குள் விண்ணப்பம் போட்டு, பரிசீலனை முடிந்து, தற்காலிக இடமும் பெரும்பாலும் ஒதுக்கியாகிவிட்டது. பல்கலைக்கழகம் முதலில் எடுத்துப் பார்ப்பது கிரேடு 11 ஆண்டு இறுதி மதிப்பெண்ணை. மேட்ரிக் மதிப்பெண் அதை உறுதி செய்யும், இல்லையென்றால் கெடுக்கும். "பதினொன்று சும்மா, பன்னிரண்டில் முட்டி மோதிப் படித்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் பையனிடம் நான் சொல்வது: தம்பி, உன்னை முதலில் எடைபோடுவது இந்த வருட மார்க்கை வைத்துத்தான்.

தேதிகளை நம் மாதங்களோடு சேர்த்துச் சொன்னால் ஆயாக்களுக்கு உடனே புரிகிறது. கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்கு வழக்கமாக ஜூலை 31 கடைசி நாள். அது ஆடி மாதம், கோயிலில் கூழ் ஊற்றும் சமயம். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்துக்கான சி.ஏ.ஓ. பொது விண்ணப்பம் பெரும்பாலான படிப்புகளுக்குச் செப்டம்பர் 30 அன்று முடியும். அது புரட்டாசி விரதத்தின் நடுவில் வரும். ஜோஹானஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு ஜூன் 30, அதாவது ஆடி பிறப்பதற்கு முன்பே. தீபாவளிக்குப் பலகாரம் சுடும்போது பிள்ளை இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் எந்தப் படிவமும் மிச்சம் இருக்கக்கூடாது. தேதிகள் அவ்வப்போது மாறும், அதனால் அந்தந்த வருடம் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு முடிவு இருக்கிறது. கிரேடு 9 முடிவில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது மேத்ஸா, மேத்ஸ் லிட்டா என்று கேட்பார்கள். மேத்ஸ் லிட் அன்றாடக் கணக்கைச் சொல்லித்தரும் நல்ல பாடம்தான். ஆனால் பொறியியல், மருத்துவம், கணக்கியல், கணினி அறிவியல் என்று நம் வீடுகளில் ஆசைப்படும் படிப்புகளில் அநேகமானவற்றின் கதவு அதோடு சாத்தப்படுகிறது. மேத்ஸிலிருந்து லிட்டுக்கு இறங்குவது சுலபம், திரும்ப ஏறுவது மிகக் கடினம். கிரேடு 10 இல் ஒரு தேர்வில் மார்க் விழுந்தது என்று பயந்து பிள்ளையை உடனே மாற்றிவிடாதீர்கள். ஒரு தவணை முழுக்கச் சனிக்கிழமை டியூஷன் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பாஸ் வேறு, இடம் வேறு

"பேச்சலர் பாஸ் வந்துவிட்டது, இனி எங்கே வேண்டுமானாலும் சேரலாம்" என்று இனிப்புப் பெட்டியோடு வந்த அப்பாவிடம் உண்மையைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பேச்சலர் பாஸ் என்பது நான்கு பாடங்களில் 50 விழுக்காடு, 'ஹோம் லாங்குவேஜ்' என்கிற முதல் மொழிப் பாடத்தில் 40 என்பது போன்ற குறைந்தபட்சக் கணக்கு. பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கத் தகுதி உண்டு என்கிறது, அவ்வளவே. இடத்தைத் தீர்மானிப்பது புள்ளிகள்.

புள்ளிக் கணக்கு ஊருக்கு ஊர் வேறு. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 80களில் எடுத்தால் 7, 70 முதல் 79 வரை 6 என்று ஆறு பாடங்களுக்குக் கூட்டுவார்கள், லைஃப் ஓரியண்டேஷன் என்ற வாழ்க்கைத்திறன் பாடம் அந்தக் கூட்டலில் வராது. அங்கே 79க்கும் 80க்கும் நடுவே ஒரு முழுப் புள்ளி நிற்கிறது. கேப் டவுனில் ஆறு பாடங்களின் விழுக்காட்டையே 600க்குக் கூட்டுகிறார்கள், அங்கே ஒரு மார்க் ஒரு மார்க்தான். விட்ஸில் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் கூடுதல் புள்ளி உண்டு. ஆகவே பக்கத்து வீட்டு அண்ணன் "எனக்கு 36 பாயிண்ட்ஸ், கிடைத்தது" என்று சொன்னால், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்த வருடம் என்று மூன்றையும் கேளுங்கள். இன்னொன்று, கையேட்டில் அச்சிட்டிருப்பது குறைந்தபட்சப் புள்ளி. போட்டி உள்ள படிப்புகளில் உண்மையில் இடம் கிடைப்பது அதற்கு மிக மேலே.

சி.ஏ.ஓ. ஒரே விண்ணப்பத்தில் நம் மாகாணத்தின் நான்கு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் வழி விடுகிறது: குவாசூலு-நட்டால், டர்பன் தொழில்நுட்பம், மங்கோசுத்து, சூலுலாந்து. ஆறு விருப்பங்கள் வரை வரிசைப்படுத்தலாம். ஆறையும் மருத்துவத்துக்கும் அதன் பக்கத்தில் இருக்கிற கடும்போட்டிப் படிப்புகளுக்கும் கொடுத்துவிட்டுச் சாமியை வேண்டிக்கொள்வது நம் வீடுகளின் பெரிய தவறு. ஒன்றாவது இடத்தில் ஆசை இருக்கட்டும். நான்கிலும் ஐந்திலும் இப்போதைய மதிப்பெண்ணுக்கு நிச்சயம் எட்டுகிற, பிள்ளை சந்தோஷமாகப் படிக்கிற ஒன்று இருக்க வேண்டும். அறிவியலில் முதல் வருடப் பாடத்தை நிதானமாக நீட்டிச் சொல்லித்தரும் நான்கு வருடத் திட்டங்கள் இருக்கின்றன. அதைப் போட்டால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு அம்மா தயங்கினார். அந்தத் தயக்கத்தில் ஒரு வருடமே போய்விட்டது.

பெயரும் போன் நம்பரும்

சின்ன விஷயம் போலத் தெரியும். மேசையில் எனக்கு அதிக நேரம் பிடிப்பது இதுதான். 1860 இல் நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து நம் பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனுசாமி ஒரு வீட்டில் முன்சாமி ஆனார், அடுத்த வீட்டில் மூன்சாமி ஆனார். இன்றைக்கும் அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பள்ளி அறிக்கையில் வேறு எழுத்து. விண்ணப்பத்தில் அடையாள அட்டையில் உள்ளபடிதான் எழுத வேண்டும், பள்ளிப் பதிவு வேறாக இருந்தால் கிரேடு 11 இலேயே பள்ளி அலுவலகத்தில் சொல்லித் திருத்துங்கள். 16 வயது ஆனதும் அடையாள அட்டைக்குப் போய்விடுங்கள், உள்துறை அலுவலக வரிசைக்கு ஒரு நாள் முழுக்கப் போகும். அப்புறம் காவல் நிலையத்தில் நகல்களுக்குச் சான்று முத்திரை வாங்கும்போது, மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்றால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு பையன் விண்ணப்பத்தில் மாமாவின் செல் நம்பரைக் கொடுத்திருந்தான், அப்போது அவனிடம் போன் இல்லை. அக்டோபரில் மாமா நம்பரை மாற்றினார். டிசம்பரில் இடம் வந்திருக்கிறது என்ற செய்தி அந்தப் பழைய நம்பருக்குப் போயிருக்கிறது. குறித்த நாளுக்குள் ஏற்றுக்கொள்கிறேன் என்று பதில் சொல்லவில்லை, இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, மேசைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இதைச் சொன்னான். அன்றிலிருந்து நான் முதலில் கேட்பது மார்க் இல்லை: "இது உன் சொந்த நம்பரா? இமெயிலை வாரம் ஒரு தரமாவது திறக்கிறாயா?"

போய்ப் பார்க்கும்போது

எங்கள் அப்பா காலத்தில் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. 1961 இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு கல்லூரி திறந்தார்கள். பிற்பாடு அது வெஸ்ட்வில் மலைக்குப் போனது. 2004 இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆனது. அந்தப் பழக்கத்தில் நம் பெரியவர்களுக்கு யூனிவர்சிட்டி என்றால் வெஸ்ட்வில்தான். அதனாலேயே தவறான வளாகத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

மருத்துவராக வேண்டும் என்று சொன்ன ஒரு பெண்ணை அவள் அப்பா வெஸ்ட்வில்லுக்குக் கூட்டிப்போனார். மலை, மரம், குரங்குகள் எல்லாம் பார்த்து மகிழ்ச்சியாக வந்தார்கள். மருத்துவப் பள்ளி இருப்பதோ அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, நகருக்குள் அம்பிலோ சாலையில். பொறியியலும் சட்டமும் ஹோவர்ட் காலேஜில், ஆசிரியர் படிப்பு பைன்டவுனில் எட்ஜ்வுட்டில், வேளாண்மை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். வெஸ்ட்வில்லில் மருந்தியல், பிசியோதெரபி போன்றவை உண்டு. பிள்ளை விரும்பும் பாடம் எந்த வளாகத்தில் நடக்கிறது என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

அந்தப் பெண்ணோடு மறுமுறை நானும் போனேன். தகவல் மேசையில் இருந்த மாணவி அவளைப் பார்த்துத்தான் கேட்டாள், என்ன படிக்க ஆசை என்று. பதில் சொன்னது அப்பா. மார்க் எவ்வளவு என்று கேட்டாள். அதற்கும் அப்பாவே. "பரிசோதனைக்கூடம் பிடிக்குமா, நோயாளிகளோடு பேசுவது பிடிக்குமா?" என்று மூன்றாவது கேள்வி வந்தபோது, அந்தப் பெண் பதிலுக்காக அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவருக்கும் தெரியவில்லை. நல்ல மனிதர், மகளுக்காக வேலைக்கு லீவு போட்டு வந்தவர். நான் அவரை டீ குடிக்கக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அரை மணி கழித்துத் திரும்பினால் மகள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், கையில் ஒரு தாள் நிறையக் குறிப்பு. அன்று மாலை அவள் சி.ஏ.ஓ. வரிசையில் மூன்றாவதாக ஆடியாலஜி, அதாவது காது கேட்புத்திறன் பற்றிய படிப்பு, ஏறியது. அப்படி ஒரு படிப்பு இருப்பதே அவர்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் தெரியாது.

பல்கலைக்கழகம் வளாகத்தைச் சுற்றிக்காட்டும் ஓபன் டேக்குப் போங்கள், பை, பேனா எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அன்று வளாகம் கல்யாண வீடு மாதிரி அலங்காரத்தோடு இருக்கும். முடிந்தால் பள்ளி விடுமுறையில் ஒரு சாதாரண வேலைநாளிலும் போய்ப் பாருங்கள். நூலகத்தில் உட்கார இடம் கிடைக்கிறதா, முதல் வருட மாணவர்கள் முகம் எப்படி இருக்கிறது, சாப்பாடு என்ன விலை என்பது அன்றுதான் தெரியும். முக்கியமாக, காரில் போகாதீர்கள். உங்கள் பிள்ளை தினமும் போகப்போகிறபடி போங்கள்: சாட்ஸ்வொர்த்திலிருந்து மினிபஸ் டாக்ஸி பிடித்து டவுனில் வார்விக்கில் இறங்கி, அங்கிருந்து இன்னொன்று ஏறி மலைக்கு. கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணி வகுப்புக்கு வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், இரவு லேப் முடிந்தால் எப்படித் திரும்புவது என்பதெல்லாம் அந்த ஒரு பயணத்தில் தெளிவாகிவிடும். நேரம் கட்டுப்படியாகவில்லை என்றால் ரெஸ், அதாவது மாணவர் விடுதி, வேண்டும், அதற்கும் விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்டுவிட வேண்டும். இடம் கிடைத்த பிறகு கேட்டால் அறை இருக்காது.

பணம்

வீட்டு வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வரம்பு 6,00,000 ராண்ட். கல்லூரியில் இடம் உறுதியாகட்டும் என்று இதற்குக் காத்திருக்க வேண்டாம், இதற்கென்று தனியாக ஒரு கடைசி நாள் உண்டு, அது பெரும்பாலும் முந்தைய வருடத்திலேயே முடிந்துவிடும். ஆசிரியராக விரும்பும் பிள்ளைகள் ஃபுன்சா லுஷாகா உதவித்தொகையையும் பாருங்கள். "நம்மைப் போன்றவர்களுக்கு எங்கே தருவார்கள்" என்று கேட்காமலே விட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தகுதி இருந்தும் கேட்காததால் தாத்தாவின் பென்ஷனில் கட்டணம் கட்டினார்கள்.

என்எஸ்ஃபாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசு தொழிற்கல்லூரிகளுக்கும்தான், தனியார் கல்லூரிகளுக்குக் கிடையாது. ஜனவரியில் இடம் கிடைக்காத பதற்றத்தில் கடைத்தெரு மாடியில் போர்டு மாட்டிய கல்லூரியில் முன்பணம் கட்டிவிடாதீர்கள். உயர்கல்வித் துறையில் பதிவு இருக்கிறதா, நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்று பதிவு எண்ணைக் கேட்டு, துறையின் பட்டியலில் சரிபாருங்கள். பதிவு எண்ணைச் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேப் டவுன் போன்ற இடங்களில் சில படிப்புகளுக்கு என்பிடி என்ற தகுதித் தேர்வும் எழுத வேண்டியிருக்கும். அதில் கால்குலேட்டர் கிடையாது. மனக்கணக்கைத் துருப்பிடிக்க விட்ட பிள்ளைகள் அங்கே திணறுகிறார்கள். எந்தப் படிப்புக்கு அது தேவை என்று முன்கூட்டியே பார்த்து, தேதியையும் பதிவு செய்துவிடுங்கள்.

ஜனவரி

2012 ஜனவரியில் ஜோஹானஸ்பர்க் பல்கலைக்கழக வாசலில் கடைசி நேர இடங்களுக்காக ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். கதவு திறந்தபோது ஏற்பட்ட நெரிசலில், மகனுக்காக வந்து நின்ற ஒரு தாய் இறந்துபோனார். அதற்குப் பிறகு கடைசி நேரத்தில் நேரில் வந்து விண்ணப்பிக்கும் வழியைப் பல பல்கலைக்கழகங்கள் மூடின. இன்றும் சில பெற்றோர் ரிசல்ட் வந்த மறுநாள் அதிகாலையில் பிள்ளையோடு வளாக வாசலுக்குப் போகிறார்கள். காவலாளி திருப்பி அனுப்புவார், வெயிலில் நின்றதுதான் மிச்சம்.

ரிசல்ட் அன்று காலை செய்ய வேண்டியது இது. போனை சார்ஜில் வைத்து டேட்டா போட்டுக்கொள்ளுங்கள். சி.ஏ.ஓ. எண்ணை வைத்து ஆறு விருப்பங்களின் நிலையையும் தளத்தில் பாருங்கள். இடம் வந்திருந்தால் அன்றே ஏற்றுக்கொள்ளுங்கள், பதிவுக் கட்டணத்துக்கு என்ன வழி என்று நிதி உதவி அலுவலகத்திடம் கேளுங்கள். எதுவும் வரவில்லை என்றால், உயர்கல்வித் துறையின் கிளியரிங் ஹவுஸில் விவரத்தைக் கொடுங்கள், காலியாக இருக்கும் இடங்களுக்கு அந்தந்த நிறுவனங்களே கூப்பிடும். ஏதாவது ஒரு பாடத்தில் மார்க் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தால் மறுமதிப்பீட்டுக்குக் கடைசி நாள் பார்த்து எழுதிக் கொடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அந்த வாரம் மட்டும் எடுங்கள், ஆனால் "இடம் வாங்கித் தருகிறேன், பணம் போடு" என்றால் வைத்துவிடுங்கள். மண்டபத்தில் என் மேசை அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே போட்டிருக்கும்.