கடற்கரையிலிருந்து பாறைக்கு: சிறு பிள்ளைகளோடு ஸ்போர்ட் கிளைம்பிங் பயணம் திட்டமிடுவது எப்படி?

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில், தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வழியாகச் சாயல்குடி வரை எங்கு தேடினாலும், கயிறு கட்டி ஏறுவதற்கேற்ற பாறைச் சுவர் கிடையாது. இராமேசுவரத்தில் பர்வதம் என்று பெயர் பெற்ற கந்தமாதனமே ஒரு மணல் மேடுதான். ஆகவே இப்பகுதிக் குடும்பம் ஒன்று ஸ்போர்ட் கிளைம்பிங், அதாவது பாறையில் முன்பே அடித்துவைத்த போல்ட்டுகளில் (உலோகப் பிடிப்பாணிகளில்) பாதுகாப்புக் கயிற்றை மாட்டி ஏறும் விளையாட்டு, செய்ய விரும்பினால், ஓர் இரவு ரயில் பயணமாவது செய்தாக வேண்டும். அவ்வளவு தூரம் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அவர்கள் பசியிலும் சலிப்பிலும் பாறையடியில் அழுதுகொண்டிருக்கப் பெற்றோர் மட்டும் ஏறிவிட்டுத் திரும்புவது எவருக்கும் மகிழ்ச்சி தராது.

எந்தப் பாறைக்குச் செல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எத்தனை பெரியவர்கள் வருகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் கீழே நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும். இதைத்தான் பிலே என்கிறார்கள். பிலே செய்பவரின் கையும் கண்ணும் ஏறுபவருக்கு மட்டுமே உரியவை. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டோ, ஓடும் பிள்ளையை அதட்டிக்கொண்டோ கயிறு பிடிப்பது உயிரோடு விளையாடுவதாகும். எனவே கயிற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத மூன்றாவது பெரியவர் ஒருவர் கட்டாயம் தேவை. ஏறுவதில் ஆர்வமில்லாத அத்தையோ சித்தப்பாவோ உடன் வரச் சம்மதித்தால், அந்தப் பயணத்தின் மிக முக்கியமான உறுப்பினர் அவர்தான் என்பேன். மூவர் சேரவில்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை, நம் பகுதிக் குடும்பங்களுக்குக் கர்நாடகத்தில் இரண்டு தேர்வுகள் பொருத்தமானவை. பெங்களூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் மைசூர் சாலையில் இருக்கும் ராமநகரம் கருங்கல் பாறைகளால் ஆனது; வடகர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்திலுள்ள பாதாமி செம்மணற்கல்லால் ஆனது. பாதாமியின் பாறையேற்ற வழிகள் இந்தியா முழுவதும் பேசப்படுபவை என்றாலும், முதல் பயணத்திற்கு ராமநகரத்தையே பரிந்துரைப்பேன், ஏனெனில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பெங்களூரின் மருத்துவமனைகள் அருகில் இருக்கின்றன என்ற நிம்மதி சாதாரணமானதன்று. அங்குள்ள ராமதேவர பெட்டா கழுகுச் சரணாலயம் என்பதால், எந்தப் பாறைக்கு வனத்துறை அனுமதி தேவை என்பதை உள்ளூர் வழிகாட்டியிடம் முன்னரே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் பாறையைத் தொடுவதற்கு முன் ஒரு நாளைப் பெங்களூரில் செயற்கைச் சுவரில் கழிப்பதும் நல்ல தொடக்கமே.

பாதாமிக்குச் செல்லும் குடும்பம் ஏறாத நாளொன்றையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பிள்ளைகளின் விரல் தோல் ஒரே நாளில் சிவந்துவிடும். அந்த நாளில் ஆறாம் நூற்றாண்டுச் சாளுக்கியக் குடைவரைகளையும் அகத்தியர் ஏரியையும் காட்டலாம். இந்த ஊர்தான் வாதாபி. 642இல் நரசிம்மவர்மப் பல்லவனின் படை வென்ற நகரம் இதுவே. அகத்தியர் வாதாபியை விழுங்கிச் செரித்த கதையை ஏரிக்கரையில் சொன்னால், எந்தக் கைபேசியும் இல்லாமல் பிள்ளைகள் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னங்களின் பாறைகளில் விளையாட்டாகக்கூட ஏறக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். குரங்குகள் ஏராளம், உணவுப் பையை மூடி வைத்தால் போதாது, ஒருவர் கையிலேயே இருக்க வேண்டும்.

காலத்தைத் தேர்வதில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் பாறை குளிர்ந்திருக்கும் பருவத்தில் வருகின்றன. கோடை விடுமுறையில் பாறை சுடும். மழை பெய்திருந்தால் மட்டும் பாதாமியில் பொறுத்திருக்க வேண்டும், ஏனெனில் நீரை உறிஞ்சிய மணற்கல் வலுவிழந்து, பிடித்த விளிம்பு உடைந்து கையோடு வந்துவிடும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், விடுமுறைத் தேதி தெரிந்தவுடன் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். தூத்துக்குடியிலிருந்து மைசூர் செல்லும் விரைவு ரயில் மதுரை, பெங்களூரு வழியாகச் செல்கிறது. பாதாமிக்குப் பெங்களூரிலோ ஹூப்ளியிலோ ரயில் மாற வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணமில்லை. ஐந்து முதல் பதினொரு வயது வரை படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம். இந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள், ஏனென்றால் இரவில் தூங்காத பிள்ளை மறுநாள் பாறையில் ஏறாது.

கருவிகளில் முதன்மையானது ஹார்னஸ், அதாவது ஏறுபவரின் உடலைக் கயிற்றோடு இணைக்கும் வார்க்கட்டு. சிறு பிள்ளைகளுக்கு இடுப்பு எலும்பு சரியாக உருவாகாததாலும், உடலோடு ஒப்பிடுகையில் தலை கனமாக இருப்பதாலும், இடுப்பு ஹார்னஸ் மட்டும் அணிந்த பிள்ளை தலைகீழாகத் திரும்பினால் நழுவிவிட வாய்ப்புண்டு. ஆகவே தோளையும் தொடையையும் சேர்த்துத் தாங்கும் முழுவுடல் ஹார்னஸே வேண்டும்; 40 கிலோ எடை வரையுள்ளவர்களுக்கான இவ்வகையை ஐரோப்பியத் தரமான ஈஎன் 12277, பி வகை என்று குறிக்கிறது. தலைக்கவசம் பாறையேற்றத்துக்கென்று ஈஎன் 12492 தரத்தில் செய்யப்பட்டதாக இருக்கட்டும். கீழே அமர்ந்திருப்பவர்களும் அதை அணிய வேண்டும். காலணி விஷயத்தில் கஞ்சத்தனம் செய்யலாம்: வளரும் கால்விரல்களை இறுக்கும் கிளைம்பிங் ஷூவைவிட, மெல்லிய ரப்பர் அடியுள்ள பொருத்தமான கேன்வாஸ் ஷூ மேலானது.

பிள்ளைகள் ஏற வேண்டியது டாப்-ரோப் முறையில் மட்டுமே. அனுபவமுள்ள பெரியவர் முதலில் ஏறி, கயிற்றை மேலே பாறையில் பதித்த நங்கூரப் பிடிப்பில் மாட்டிவிட்டு இறங்க, பிள்ளை எப்போதும் மேலிருந்து தாங்கப்பட்ட நிலையில் ஏறும். பனையேறிகளைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் கயிறு என்றால் ஏறுவதற்கு உதவும் தளைநார் என்றே எண்ணக்கூடும்; இங்கே கயிறு, ஏறுபவர் விழும்போது தாங்குவதற்கு மட்டுமே, ஏறுவது கையும் காலும்தான் என்பதை முன்பே விளக்குங்கள்.

எடை வேறுபாடு பலரும் கவனிக்காதது. 70 கிலோ எடையுள்ள தந்தை முதலாளாக ஏறி விழுந்தால், கீழே கயிறு பிடிக்கும் 50 கிலோ எடையுள்ள தாய் மேலே இழுக்கப்படுவார். மறுபுறம், 15 கிலோ எடையுள்ள பிள்ளையை இறக்கும்போது கயிற்றின் உராய்வே அதைப் பிடித்துக்கொள்ள, பிள்ளை நடுவழியில் தொங்கி நிற்கும். எனவே எட்டு முதல் பத்து மீட்டர் உயரத்துக்குள், நேராகச் செல்லும் வழிகளையே பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை இரண்டு கைப்பிடி உயரத்திலேயே நிறுத்தி, கையை விட்டுக் கயிற்றில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தொங்கவும் இறங்கவும் தெரிந்துவிட்டால் பயம் பெரும்பாலும் தானாகக் குறையும். பிள்ளை போதும் என்றால் அந்த உயரமே அன்றைய உச்சி. இன்னும் கொஞ்சம் ஏறு என்று வற்புறுத்தினால் அடுத்த பயணத்துக்கு அது வராது.

பாறையடியில் பிள்ளைகள் அமரும் இடம் ஏறும் வழிக்கு நேர் கீழே இல்லாமல், கல் விழாத அளவு விலகி, நிழலில் இருக்க வேண்டும். மேற்கு நோக்கிய சுவருக்குக் காலையில் நிழல் கிடைக்கும்; கிழக்கு நோக்கிய சுவருக்கு மாலையில். கைக்குழந்தைக்குப் பருத்திப் புடவையில் மரக்கிளையில் தூளி கட்டலாம், ஆனால் பாறையில் அடித்த போல்ட்டில் கட்ட வேண்டாம். அமருமுன் அண்ணாந்து மலைத்தேனீக் கூடுகள் தொங்குகின்றனவா என்று பாருங்கள். ஒரே ஒரு கூடு தெரிந்தாலும் அந்தச் சுவரை விட்டுவிட வேண்டும். கயிற்றில் தொங்கும் பிள்ளையால் தேனீயிடமிருந்து ஓட முடியாது. புளியோதரை, கருப்பட்டி, கடலை மிட்டாய், பொங்கல் காலமானால் அவித்த பனங்கிழங்கு ஆகியவை எளிதில் கெடாமல் பசியைத் தாங்கும். தண்ணீரும் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் தேவைக்கு அதிகமாகவே இருக்கட்டும்.

திரும்பியபின் கருவிகளைப் பேணுவதில் கடற்கரைவாசிகளுக்குக் கூடுதல் வேலை உண்டு. உப்புக் காற்று உலோகத்தை என்ன செய்யும் என்பதைப் பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை; தாய்லாந்தின் கடலோரப் பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளே உள்ளூரச் சிதைந்ததால் டைட்டானியத்துக்கு மாறினார்கள். அலுமினிய கராபினர்களை (கயிற்றை மாட்டும் கொக்கி வளையங்களை) நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, கீல்களில் சிறிது மசகிட்டு, கயிறு, ஹார்னஸ் ஆகியவற்றோடு மூடிய பெட்டியில் வெயில் படாமல் வையுங்கள். பிள்ளை வளர்ந்து ஹார்னஸ் சிறிதாகிவிட்டால், அதை அக்கா பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் தயாரித்த ஆண்டையும் தையல்களையும் சரிபாருங்கள். பத்தாண்டுகளைக் கடந்ததை, புதிதுபோலத் தோன்றினாலும், வெட்டி எறிந்துவிடுங்கள்.