நெஞ்செலும்பை விரலால் தொட்டு அறிவது எப்படி?

தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் முதலுதவி வகுப்பு நடத்தியபோது, மயங்கி விழுந்து மூச்சற்றுக் கிடக்கும் ஒருவரின் நெஞ்சில் எந்த இடத்தை அழுத்துவீர்கள் என்று கேட்டேன். ஒருவர் இருவரைத் தவிர எல்லோரும் தத்தம் இடப்பக்க மார்பின் மேல் கையை வைத்துக் காட்டினார்கள். இதயம் இடப்பக்கத்தில் இருக்கிறது என்று சிறுவயது முதல் கேட்டுப் பழகியதன் விளைவு அது. உண்மையில் இதயத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நடுக்கோட்டுக்கு இடப்புறமும் மீதி வலப்புறமுமாக அமைந்திருக்க, அதற்கு முன்னால் நெஞ்செலும்பு சாத்திய கதவைப் போல நிற்கிறது. அழுத்த வேண்டியது அந்தக் கதவைத்தான். அதன் மேற்புறம் எது, நடு எது, அடி எது என்று விரலால் சொல்லத் தெரியாதவர் அவசரத்தில் தடுமாறுவார் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

பேச்சில் நெஞ்செலும்பு என்றும், நமது பள்ளிப் பாடநூல்களில் மார்புப்பட்டை என்றும் வழங்கும் இந்த எலும்பு, உடலிலேயே தொட்டு அறிவதற்கு மிக எளிதான எலும்புகளுள் ஒன்று. நடுக்கோட்டில் அதற்கு மேல் தோலும் மெல்லிய இழையமுமே உள்ளன. பெரிய மார்புத் தசைகள் அதன் இரு விளிம்புகளில் தொடங்கிப் பக்கவாட்டில் விரிந்து போய்விடுகின்றன. ஆகவே கருவி எதுவும் வேண்டாம். முதலில் உங்கள் உடலிலேயே பழகுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தோள்களைத் தளர்த்தி, கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு மெல்லிய உடையோடு இருங்கள். மலையகத்தின் தை மாதக் காலையில் குளிர்ந்த விரலை நெஞ்சில் வைத்தால் தசைகள் இறுகிக்கொள்ளும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடங்குவது நல்லது. பிறரிடம் பழகுவதானால் கேட்டு, அவர் சம்மதித்த பின்னரே தொட வேண்டும். பெண்களுக்குப் பெண்களே காட்டிக் கொடுப்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் இலகுவாக இருக்கும்.

வளர்ந்தவரின் நெஞ்செலும்பு ஏறத்தாழ 15 முதல் 17 சென்ரிமீற்றர் நீளமானது. பெண்களில் சற்றுக் குறைவு. பழைய உடற்கூற்றியலாளர் அதை ஒரு குட்டை வாளாகக் கண்டு, மேற்பகுதியைக் கைப்பிடி என்றும், நடுப்பகுதியை வாளின் அலகு என்றும், கீழ்நுனியை வாள்முனை என்றும் பெயரிட்டார்கள். இந்த மூன்று பெயர்களை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலிருந்து கீழாகத் தேடிச் செல்வது சுலபம்.

சுட்டுவிரலைக் கழுத்தின் அடியில், நடுவில் வையுங்கள். அங்கே ஒரு மென்மையான குழி அகப்படும். அந்தக் குழியின் கீழ்விளிம்பாக விரலில் தட்டுப்படும் கடினமான மேடே கைப்பிடியின் மேல் ஓரம். விரலைச் சற்றே உள்நோக்கி, அழுத்தாமல் வைத்தால் மூச்சுக்குழாயின் வளையங்களை உணரலாம். குழியின் இரு பக்கங்களிலும் உருண்டு நிற்பவை காறையெலும்புகளின் தலைகள். ஒரு கையை அவற்றுள் ஒன்றின் மேல் வைத்துக்கொண்டு அதே பக்கத் தோளை மேலே தூக்கி, முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அந்தத் தலை விரலுக்கடியில் நகரும். கை முழுவதும் உடலின் நடுச்சட்டகத்தோடு எலும்பால் சேர்ந்திருப்பது இந்த ஒரே மூட்டில்தான்; மற்றதெல்லாம் தசைகளின் பிடிப்பு. காலை முதல் மாலை வரை இரு கைகளாலும் கொழுந்து பறிக்கும் ஒருவரின் ஒவ்வொரு வீச்சிலும் இந்தச் சிறிய மூட்டு சேர்ந்தே அசைகிறது.

இனி வருவதுதான் முக்கியமான அடையாளம். குழியிலிருந்து விரலை எலும்பின் மேலேயே மெதுவாகக் கீழே இழுத்து வாருங்கள். ஏறத்தாழ நான்கு அல்லது ஐந்து சென்ரிமீற்றர் கடந்ததும் குறுக்கே ஒரு சிறிய வரம்பு தட்டுப்படும். சிலரில் அது கண்ணுக்கே தெரியும். சிலரில் விரலை மேலும் கீழும் இரண்டு மூன்று முறை ஓட்டினால்தான் புலப்படும். கைப்பிடியும் அலகும் ஒரே தளத்தில் சேராமல் சற்றுக் கோணமாகச் சேர்வதால் உண்டாகும் முகடு அது. நெஞ்செலும்புக் கோணம் என்றும், மருத்துவ மாணவர்களால் லூயி கோணம் என்றும் சொல்லப்படுவது இதுவே. ஒரு விடயத்தை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்று யாராவது சொன்னால், நான் இந்த வரம்பையே சொல்லிக்கொடுப்பேன்.

காரணம் இதுதான். வரம்பிலிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால், விரல் நேராக இரண்டாவது விலா எலும்பின் கசியிழையத்தின் (குருத்தெலும்பின்) மேல் ஏறும். முதலாவது விலா எலும்பு காறையெலும்புக்கு அடியில் மறைந்து கிடப்பதால், கழுத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறவர் எப்போதும் தவறுவார். கோணத்திலிருந்து தொடங்குகிறவர் தவறமாட்டார். இரண்டாவது விலாவுக்குக் கீழே விரல் இறங்கும் பள்ளம் இரண்டாவது விலாவிடை. அடுத்த மேடு மூன்றாவது விலா, அடுத்த பள்ளம் மூன்றாவது விலாவிடை என்று எண்ணிச் செல்லுங்கள். எண்ணும்போது நெஞ்செலும்பின் விளிம்பை ஒட்டி நேர்கீழே வராமல், சற்று வெளிப்புறமாகச் சரிந்து வாருங்கள். கீழே போகப் போகக் கசியிழையங்கள் விளிம்போரமாக நெருங்கிவிடுவதால் பள்ளங்கள் அங்கே விரலுக்கு அகப்படா. ஈ.சி.ஜி. எடுக்கும்போது மார்பில் ஒட்டும் முதல் இரண்டு மின்வாய்களும் நான்காவது விலாவிடையில், நெஞ்செலும்பின் வலப்புறமும் இடப்புறமுமாக அமைய வேண்டும். கோணத்தைத் தேடாமல் கண்ணளவில் ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படி மேலே ஒட்டிவிடுகிறார்கள். அப்போது வரைபடமே மாறித் தோன்றலாம். தாதியர் பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகள் இதை முதலிலேயே கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த வரம்புக்குப் பின்னால், உடலின் ஆழத்தில், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. இதயத்திலிருந்து மேலேறும் பெருநாடியின் வில் தொடங்குவதும் முடிவதும் அதே மட்டத்தில்தான். முதுகுப்புறத்தில் அது நான்காம், ஐந்தாம் நெஞ்சு முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட மட்டமாகும். இத்தனையையும் ஒரு விரல்நுனி வெளியிலிருந்து சுட்டிக்காட்டுகிறது என்பது, எத்தனை முறை கற்பித்தாலும் எனக்கு வியப்பைத் தருகிறது.

கோணத்துக்குக் கீழே அலகு தொடங்குகிறது. இது ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர். பிறக்கும்போது ஒற்றை எலும்பாக அல்லாமல், கசியிழையத்தால் இணைந்த துண்டுகளாக இருக்கும் அலகு, பூப்புக் காலத்திலிருந்து கீழிருந்து மேலாக ஒட்டத் தொடங்கி, 25 வயதளவில் ஒன்றாகிவிடுகிறது. இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால், சளிக்குச் சூப் வைக்க வாங்கும் ஆட்டு நெஞ்செலும்பை வேகவைப்பதற்கு முன் ஒருமுறை கவனியுங்கள்: துண்டு துண்டாக எலும்பும், அவற்றுக்கிடையில் வெண்மையான கசியிழையமும், பக்கவாட்டில் விலாக்கள் வந்து சேரும் குழிகளும் தெளிவாகத் தெரியும். கோழியினுடையது இதற்கு ஒப்பாகாது; பறப்பதற்கான தசைகளைத் தாங்கப் படகின் அடிப்பலகை போல ஒரு விளிம்பு அதில் நீட்டிக்கொண்டிருக்கும்.

மனிதரின் நெஞ்செலும்பில் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் ஏழு விலாக்கள் தத்தம் கசியிழையத்தின் மூலம் நேரடியாகச் சேர்கின்றன. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை மேலுள்ளதன் கசியிழையத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. கடைசி இரண்டும் முன்புறம் எதனோடும் சேர்வதில்லை. நீண்ட மூச்சொன்றை உள்ளே இழுக்கும்போது அலகின் மேல் கையை வைத்திருங்கள். எலும்பு முன்னும் மேலுமாக எழுவது தெரியும். கசியிழையங்கள் வளைந்து கொடுப்பதால்தான் இது நடக்கிறது. வயதாகும்போது அவற்றில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து விறைப்பு ஏறுகிறது.

அலகு முடியும் இடத்தில், இரு பக்க விலாக்களும் தலைகீழான ‘வி’ வடிவில் கூடும் மூலையில், விரல் சட்டென்று உள்ளே இறங்கும். அங்கே தொங்கிக்கொண்டிருக்கும் சிறிய நுனியே வாள்முனை. இதை மெதுவாகவே தேடுங்கள். இளவயதில் அது வெறும் கசியிழையம். நாற்பது வயதளவில்தான் பெரும்பாலும் எலும்பாகிக் கெட்டிப்படுகிறது. சிலரில் கூராகவும், சிலரில் அகன்றும், சிலரில் பாம்பின் நாக்குப் போல இரண்டாகப் பிளந்தும், சிலரில் முன்னோக்கி வளைந்தும் இருக்கும். மேல்வயிற்றில் கட்டி வந்துவிட்டது என்று கலங்கி, சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டு என்னிடம் வந்து காட்டிய ஒரு அக்காவின் விரலை நடுக்கோட்டிலேயே மேலே ஓட்டச் சொன்னேன். அந்தக் ‘கட்டி’ நெஞ்செலும்பின் தொடர்ச்சி என்பதை அவரே உணர்ந்துகொண்டார். உடல் மெலிந்தவர்களிடம் இந்த நுனி துருத்திக்கொண்டு தெரியும். ஆயினும் மெலிவு ஏன் வந்தது என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்றும், நடுக்கோட்டை விட்டு விலகியோ, வளர்ந்துகொண்டோ இருக்கும் எந்தக் கட்டியையும் அவரிடம் காட்ட வேண்டும் என்றும் அவரிடம் சொன்னேன்.

வாள்முனைக்குப் பின்னால் ஈரலின் இடப்பகுதி உள்ளது. அதனால்தான் உயிர்காக்கும் அழுத்தத்தை ஒருபோதும் அந்த நுனியின் மேல் கொடுக்கக் கூடாது. இப்போது உங்கள் விரல்களுக்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் தெரியும். குழியிலிருந்து நுனி வரையுள்ள நீளத்தை இரண்டாக மடித்துக் கணக்கிட்டு, கீழ்ப் பாதியில், நுனியைத் தவிர்த்து, நடுக்கோட்டில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். மற்றக் கையை அதன் மேல் பூட்டி, முழங்கைகளை மடக்காமல், தோள்கள் நேர் மேலே வருமாறு குனிந்து அழுத்துங்கள். வளர்ந்தவருக்கு ஆழம் குறைந்தது 5 சென்ரிமீற்றர். 6ஐத் தாண்டக் கூடாது. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுவதுமாக எழும்ப விட வேண்டும். எழும்பும்போதுதான் இதயத்துக்குள் இரத்தம் திரும்பி வருகிறது. நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையில் இதயம் பிழியப்படுவதே இதன் அடிப்படை. 1960இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸைச் சேர்ந்த கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்போக்கர் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே, நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தும் இந்த முறை உலகெங்கும் பரவியது.

கட்டிலில் கிடப்பவரை அப்படியே அழுத்தாமல், கெட்டியான தரைக்கு இறக்குங்கள். மெத்தை அமிழ்ந்தால் நெஞ்சு அமிழாது. அழுத்தத் தொடங்கும்போதே இன்னொருவர் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்பியூலன்சை அழைத்து, தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். மூன்றாமவர் பிரதான பாதைக்கு இறங்கிச் சென்று வழிகாட்ட நிற்பது நமது வளைவுப் பாதைகளில் பல நிமிடங்களை மிச்சப்படுத்தும். வண்டி வந்து சேர நேரமாகும் என்பதை மனத்தில் கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். அழுத்தும்போது விலா எலும்போ கசியிழையமோ முறியும் ஒலி கேட்கலாம். கையின் இடம் சரிதானா என்று பார்த்துவிட்டு, நிறுத்தாமல் தொடருங்கள்.

நெஞ்செலும்பைச் சுற்றி வரும் வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலாக் கசியிழையம் அழற்சியுற்றால், அது எலும்போடு சேரும் இடத்தில் விரல் வைத்தாலே நோகும். இருமும்போதும் புரண்டு படுக்கும்போதும் அதிகரிக்கும். இதய வலியோ பெரும்பாலும் நெஞ்செலும்புக்குப் பின்னால் இறுக்கமாகவோ பாரமாகவோ தோன்றி, தோள், இடக்கை, தாடை வரை பரவி, வியர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்து வரும். ஆனால் தொட்டால் நோகிறது என்பதை மட்டும் வைத்து இதயத்தில் கோளாறில்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. ‘வாயுக்குத்து’ என்று சொல்லி இஞ்சிச் சாறு குடித்து, எண்ணெய் தடவி, விடியட்டும் என்று காத்திருப்பது நம் லயங்களில் இன்னும் நடக்கிறது. அந்தக் காத்திருப்பு உயிரைக் கொண்டுபோய்விடும். திடீரென்று வந்த நெஞ்சு வலி வியர்வையோடு சேர்ந்திருந்தால், எந்த நேரமானாலும் உடனே புறப்படுங்கள்.

நெஞ்செலும்பின் உள்ளே இருக்கும் செம்மச்சை (சிவப்பு எலும்பு மஜ்ஜை) வாழ்நாள் முழுவதும் குருதிக் கலங்களை (இரத்த அணுக்களை) உண்டாக்குகிறது. 1927இல் ரஷ்ய மருத்துவர் அரின்கின் இந்த எலும்பில் ஊசி செலுத்தி மச்சையை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். எலும்பு மெல்லியது, பின்னால் இதயமும் பெருங்குழாய்களும் உள்ளன, போதாததற்குச் சிலரில் அலகின் கீழ்ப்பகுதியில் பிறவியிலேயே ஒரு சிறு துளை இருக்கும். இக்காரணங்களால் இன்று பெரும்பாலும் இடுப்பெலும்பிலிருந்தே மச்சை எடுக்கிறார்கள்.

திறந்த இதய அறுவைச் சிகிச்சையில் இதே எலும்பை மேலிருந்து கீழாக நெடுக்கே பிளந்து, வேலை முடிந்ததும் உருக்குக் கம்பிகளால் கட்டிவிடுகிறார்கள். எலும்பு ஒட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை ஆகலாம். வீடு திரும்பியவர் அக்காலத்தில் தண்ணீர்க் குடம், விறகுக்கட்டு, கொழுந்து மூட்டை எதையும் தூக்கக் கூடாது; பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடலை இழுத்து ஏறவும் கூடாது. இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். வெட்டிய தழும்பு தடித்து மேலெழுவது இந்த இடத்தில் அடிக்கடி நிகழ்வது. ஆனால் புரளும்போதோ இருமும்போதோ எலும்புக்குள் ‘கிளிக்’ என்று ஒலி கேட்டாலும், தழும்பிலிருந்து நீர் கசிந்தாலும், காய்ச்சல் கண்டாலும், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் அன்றே அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.